மறு: நாளுக்கு ஒரு மேற்கோள் – என்ன பெயர் வைப்பது?

அன்பின் எல்லோருக்கும் வணக்கம்.

தவணைப் பரீட்சை விடைத்தாள் கட்டு முன்னால் கிடந்தபடியால் மூன்று நாளாகக் கடிதங்களை வாசிக்க மட்டுந்தான் முடிந்தது. நாளுக்கு ஒரு மேற்கோள் போடப்போகிற எங்கள் பக்கத்துக்கு நீங்கள் சொன்ன பெயர்களுக்கு இப்போது ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

> ‘நற்சிந்தனை’ என்றே வைத்துவிடலாம். எங்கட பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த சொல்.

பாலையூற்று அக்கா சொல்வது சரிதான். காலைக் கூட்டத்தில் தேவாரம் முடிந்ததும் ஒரு பிள்ளை முன்னால் வந்து நற்சிந்தனை சொல்லும். யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளின் பாடல் தொகுதிக்கும் அதுதான் பெயர். எனக்குத் தயக்கம் வருவதும் அதனால்தான். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் ஒரு புத்திமதியை எதிர்பார்க்கிறோம். ஆனால் மறக்க முடியாத வரியெல்லாம் புத்திமதியாக இருக்காது. பாரி மகளிர் பாடிய ‘அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்’ புறநானூற்றில் 112ஆம் பாட்டு. போன மாதம் இதே நிலவில் அப்பா இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. இந்த மாதம் இரண்டும் இல்லை. அவ்வளவுதான் பாட்டு. இதில் என்ன நற்சிந்தனை? வாசித்தவனுக்கு நெஞ்சு அடைக்கிறது. அப்படி ஒரு வரிக்கும் எங்கள் பக்கத்தில் இடம் வேண்டும்.

‘பொன்மொழி’க்கும் இதே குறைதான். வரியை வாசிக்க முதலே பொன் என்று விலை சொல்லிவிடுகிறது. வாட்ஸ்அப்பில் சூரியோதயப் படத்தின் மேல் எழுதி வருகிறவை எல்லாம் பொன்மொழிதான், ஒன்றிலாவது நூற்பெயர் இருக்காது.

‘வாக்கு’ அழகான சொல். ஆனால் தெரிவு செய்வதே வாக்களித்து என்கிறபோது, ‘இந்த வாக்குக்கு எத்தனை வாக்கு’ என்று எழுதவேண்டி வரும். வேண்டாம்.

மிஞ்சுவது ‘மேற்கோள்’. மூதூர் ஐயா இதற்கு ஒரு தடை எழுப்பியிருந்தார். சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களும் மேற்கோள், ஏது (காரணம்), எடுத்துக்காட்டு என்றுதான் விரிகின்றன. அங்கே மேற்கோள் என்பது ஆசிரியர் தாமே நிறுவ எடுத்துக்கொண்ட கூற்று, பிறர் சொன்னது அல்ல என்றார். உண்மை. அதே வேளை, உரையாசிரியர்கள் பிற நூலிலிருந்து எடுத்துக் காட்டுகிற செய்யுளுக்கும் மேற்கோள் என்ற பெயர் நிலைத்துவிட்டது. மேற்கோள்களைத் தொகுக்கிற தமிழ் விக்கித் திட்டத்துக்கும் ‘விக்கிமேற்கோள்’ என்றுதான் பெயர். இந்தச் சொல்லைக் கேட்டவுடன் ‘எங்கேயிருந்து?’ என்ற கேள்வி தானாக வருகிறது பாருங்கள், எனக்கு வேண்டியது அதுதான். பழைய செய்யுள் திரட்டான புறத்திரட்டைத் தொகுத்தவர் செய்யுள்களைப் பொருள் வாரியாக அடுக்கியதோடு நிற்காமல் எந்த நூல் என்றும் குறித்து வைத்தார். முத்தொள்ளாயிரத்தின் முழு நூல் அழிந்த பிறகும் நூற்றுச் சொச்சம் வெண்பாக்கள் அந்தப் பெயரோடு நமக்குக் கிடைத்தது அதனால்தான். நூற்பெயரை அவர் விட்டிருந்தால் இன்றைக்கு அவை யாரோ பாடிய நல்ல வெண்பாக்கள், அவ்வளவே.

முன்னொட்டு ‘நாள்’ போதும். நாளேடு, நாளிதழ், நாளங்காடி மாதிரி. இலக்கணப்படி சேர்த்தால் நாண்மலர் போல ‘நாண்மேற்கோள்’ ஆகும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் எழுதிக் காட்டினேன். ‘நாணம்’ என்றது ஒன்று, ‘வில்லின் நாண்’ என்றது இன்னொன்று. ஆகவே புணர்க்காமல் ‘நாள்மேற்கோள்’ என்றே எழுதலாம் என்பது என் முன்மொழிவு.

ஆனால் பக்கத்தின் பெயரைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. ஆங்கில விக்கிமேற்கோள் 2003 முதல் நடக்கிறது. அங்கே ஒவ்வொரு திகதிக்கும் தனிப் பக்கம். அந்த நாளில் பிறந்தவர், இறந்தவர் சொன்னவற்றை முன்மொழிவார்கள். 4 முதல் 0 வரை மதிப்பிடுவார்கள். அதோடு ஒவ்வோர் ஆளின் பக்கத்திலும் ஐயத்துக்குரியவை, அவர் பெயரில் தவறாக வழங்குபவை என்று தனிப் பகுதிகள் உண்டு. அந்தப் பகுதிகளுக்குத் தமிழில் பெயர் இல்லாவிட்டால் நாங்கள் எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுவிடுவோம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை இங்கே திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில், கோட்டை வாசலில் மகளை நிறுத்தி அங்கே இருக்கிற பழைய கல்வெட்டைக் காட்டினேன். இரட்டைக் கயல் தெளிவாகத் தெரிகிறது. எழுத்து அப்படி இல்லை. ‘குள’ என்று விரலால் தடவிப் படித்தாள், பிறகு ஒரு இடைவெளி, ‘பறங்கி’ வருகிற இடத்தில் நின்றாள், அதன் பிறகு கல் தேய்ந்து கிடக்கிறது. ‘மிச்சம் எங்க அம்மா?’ என்றாள். மிச்சம் எங்கள் வாயில் இருக்கிறது. ‘முன்னே குளக்கோட்டன் மூட்டுந் திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே’ என்று தொடங்கி, பூனைக்கண், செங்கண், புகைக்கண் என்று ஆள வருகிறவர்களை அடுக்கி முடியும் பாட்டு திருகோணமலையில் தெரியாத வீடு இல்லை. என் அம்மம்மா ‘பிடிக்கவே’ என்பா, தம்பலகாமத்து மாமா ‘பிரிக்கவே’ என்பார். 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டிய ஊர் இது. அந்தப் பாட்டை நாங்கள் விடமாட்டோம். ஆனால் கல்லில் எஞ்சியிருப்பது முதல் அடிகளின் எழுத்துகள் மட்டுமே. பூனைக்கண் கல்லில் இல்லை. இதைக் ‘குளக்கோட்டன் சொன்னது’ என்று பெயர் போட்டுப் பகிர்கிறார்கள். கோயில் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படுகிற அரசன் அவன். பாட்டு அவனைப் பற்றியது, அவன் பாடியது அல்ல.

இதற்குப் புதுச்சொல் தேடவேண்டியதில்லை. உரையில் வந்த ஒரு வரி எந்த நூல் என்று கண்டுபிடிக்க முடியாதபோது உ.வே. சாமிநாதையர் தம் பதிப்புகளில் அதை ‘விளங்கா மேற்கோள்’ என்று தனியே குறித்தார். மறைக்கவும் இல்லை, யார் தலையிலும் கட்டவும் இல்லை. அதையே எடுத்துக்கொள்வோம்.

இன்னொரு வகையும் உண்டு. ‘மெல்லத் தமிழினிச் சாகும்’ என்று பாரதி சொன்னதாக எத்தனை மேடையில் கேட்டிருக்கிறோம்! ‘என்றந்தப் பேதை உரைத்தான்’ என்பது இரண்டு அடி தள்ளி இருக்கிறது. எழுதியவர் பெயர் சரி, பேசுகிற வாய்தான் வேறு. அதை வெட்டிவிட்டுப் போடுவது அந்த மனிதருக்குச் செய்கிற அநியாயம். இதற்குத் ‘துண்டு மேற்கோள்’ என்று வைக்கலாமா?

தவறான பெயரில் வழங்குவதற்கு எனக்கு இன்னும் சொல் அகப்படவில்லை. யாராவது தாருங்கள்.

அன்புடன்,
உவர்மலையிலிருந்து

———

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் ரீச்சர்.

நாள்மேற்கோள் எனக்குச் சம்மதம்.

> தவறான பெயரில் வழங்குவதற்கு எனக்கு இன்னும் சொல் அகப்படவில்லை.

எங்களிடம் இருக்கிறது. நபிமொழிகளை ஆராய்கிற ஹதீஸ் கலையில் ஒரு சொல்லை ஏற்பதற்கு முன் யார் யாரிடம் கேட்டார் என்ற அறிவிப்பாளர் வரிசையைப் பார்ப்பார்கள். வரிசையில் ஒருவர் நம்பத்தகாதவர் என்றால் அது பலவீனமானது. நபி சொல்லாததை அவர் பெயரில் சொன்னால் அது ‘இட்டுக்கட்டப்பட்டது’. கிண்ணியாவில் வெள்ளிக்கிழமை பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) சின்னப் பிள்ளையும் கேட்டுப் பழகிய சொல். ஆகவே ‘இட்டுக்கட்டிய மேற்கோள்’.

ஒரு கவனம் மட்டும். இட்டுக்கட்டுவது என்றால் ஆளே உருவாக்கியது. பாரதிதாசனின் ‘தமிழுக்கும் அமுதென்று பேர்’ என்ற வரியைப் பாரதி என்று போடுவது அப்படி இல்லை. வரி உண்மை, ஆள் மாறிவிட்டார். அதைப் ‘பெயர் மாறியது’ என்றால் போதும். இரண்டையும் ஒரே கூடையில் போட்டால் தெரியாமல் பிழை விட்டவனையும் பொய்யன் என்பதாகிவிடும்.

‘வாக்கு’ குழப்பும் என்றீர்கள். மதிப்பீட்டுக்குப் பரீட்சை மாதிரி ‘புள்ளி’ என்போம். 4 மிகத் திறம், 3 திறம், 2 நல்லது, 1 பரவாயில்லை, 0 வேண்டாம்.

கிண்ணியாவிலிருந்து

———

தம்பி,

‘இட்டுக்கட்டிய’, ‘பெயர் மாறிய’ இரண்டையும் அப்படியே ஏற்கிறேன். நான் ஒன்றாகப் பார்த்ததை இரண்டாகப் பிரித்துக் காட்டினீர்கள், நன்றி. புள்ளியும் சரி. ‘திறம்’ என்று எங்கள் வாயில் வருகிற சொல்லே மதிப்பீட்டில் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

தடை எதுவும் வராவிட்டால் இந்தப் பெயர்களோடு பட்டியலைத் தொடங்குவோம். என் முன்மொழிவுகள் இரண்டு. ‘குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமா மலைஅமர்ந் தாரே’ – சம்பந்தர், மூன்றாம் திருமுறை, 123ஆம் பதிகம். மற்றது டிசம்பர் 11, பாரதி பிறந்த நாளுக்கு: அந்த ‘மெல்லத் தமிழினிச் சாகும்’ பகுதி, பேதையையும் சேர்த்து முழுதாக.

எங்கள் ஊர்ச் சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’யும் இந்தப் பட்டியலில் வரவேண்டும். 1895இல் வந்த நாவல். பிரதி கையில் உள்ளவர்கள் ஒரு வரி தாருங்கள், பக்க எண்ணோடு.