தில்லி ஹாட்டில் செய்தவரிடமே வாங்குவது எப்படி?

முனிர்க்கா வாசி (கேள்வி):
கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கும் என் தாயாரை வரும் சனிக்கிழமை ஐ.என்.ஏ.யில் உள்ள தில்லி ஹாட்டுக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன். கைவினைஞர்கள் தாங்களே வந்து விற்கும் திறந்தவெளிச் சந்தை என்பதுதான் அவ்விடத்தின் பெருமை. ஆயினும் மொத்தக் கொள்முதல் சரக்கை விற்பவர்களும் உள்ளே இருப்பதாக நண்பர்கள் சொல்கிறார்கள். செய்தவரை எப்படி அடையாளம் காண்பது? பேரம் பேசலாமா? அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால், எந்த நேரம் வசதியாக இருக்கும் என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

ஆர்.கே.புரம் அன்பர்:
கைவினைக் கலை ஆர்வலரான ஜெயா ஜேட்லியின் யோசனையில் உருவாகி 1994இல் திறக்கப்பட்ட இந்தச் சந்தையில், கைவினைக் கடைகளில் பெரும்பாலானவை யாருக்கும் நிரந்தரமாகக் கொடுக்கப்படாமல், ஏறத்தாழ 15 நாட்களுக்கு ஒருமுறை கைமாறுகின்றன. வெவ்வேறு ஊர்க் கைவினைஞர்களுக்கு இடைத்தரகர் இல்லாத விற்பனை கிடைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். எனவே, "எந்த ஊர், எப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், தொழில் தெரிந்தவர் விலையை மறந்துவிட்டு வேலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். கர்நாடகத்தின் சன்னபட்டணத்துப் பொம்மைக்காரர் என்றால், வெட்பாலை மரத்தைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு அரக்குக் குச்சியை அழுத்தும்போது, உராய்வின் சூட்டிலேயே அரக்கு உருகிப் பிடித்துக்கொள்வதையும், பிறகு தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுவதையும் கையசைவோடு சொல்லிக் காட்டுவார். மத்திய அரசு கைவினைஞர்களுக்கு வழங்கும் 'பெஹ்சான்' அடையாள அட்டை இருக்கிறதா என்றும் பணிவாகக் கேட்கலாம்.

நூல்வேலை ஆர்வலர்:
மேலே சொன்னதில் ஒன்றை மட்டும் சற்று மாற்றிச் சொல்ல விரும்புகிறேன். குஜராத்தின் கட்ச் பகுதிப் பூவேலையானாலும் பிகாரின் மதுபனி ஓவியமானாலும், செய்பவர்கள் பெரும்பாலும் ஊரில் இருக்கும் பெண்கள். கடையில் நிற்பவர் அவர்களுடைய மகனாகவோ சுயஉதவிக் குழுவின் உறுப்பினராகவோ இருக்கக்கூடும். விற்பவர் தம் கையால் செய்யவில்லை என்பதற்காக அவரை வியாபாரி என்று ஒதுக்கிவிடாதீர்கள். பொருளையே பாருங்கள். கைத்தையல் என்றால் துணியைப் புரட்டும்போது முடிச்சுகளும் நூல் தாவிச் சென்ற தடங்களும் தெரியும். இயந்திரத் தையலின் பின்புறத்தில் அடிநூல் ஒரே சீராக ஓடும். அச்சுக்கட்டையால் பதித்த துணியில், கட்டைகள் சேரும் இடத்தில் கோடு இம்மியளவு விலகியிருக்கும். அதைக் குறையென்று சொல்லி விலை குறைக்கக் கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. விலை மிகக் குறைவாகச் சொல்லப்படும் பஷ்மினா (மெல்லிய ஆட்டு ரோமச்) சால்வையை மட்டும் தயங்காமல் தவிர்த்துவிடுங்கள்.

முனிர்க்கா வாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. பேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

சரோஜினி நகர் குடும்பத்தலைவி:
ஒரே கடையில் மூன்று நான்கு பொருட்கள் எடுத்தால், "சேர்த்துப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்பதில் தவறில்லை. அவர்களும் அதை எதிர்பார்க்கிறார்கள். ஆனால் சொன்ன விலையில் பாதிக்குக் கேட்பது, பல நாள் வேலையைச் சுமந்துகொண்டு இவ்வளவு தூரம் வந்தவரை அவமதிப்பதாகும். ஒரே வடிவம் நாலைந்து கடைகளில் அச்சு மாறாமல் தொங்குகிறதென்றால் பேரமே தேவையில்லை, நகர்ந்துவிடுங்கள்.

அம்மாவைக் காலையில் திறந்தவுடன் அழைத்து வாருங்கள். சனி, ஞாயிறு மாலைகளில் நெரிசல் அதிகம். மெட்ரோ நிலையத்தின் பெயரே தில்லி ஹாட் – ஐ.என்.ஏ. என்பதால், இறங்கியபின் அதிகம் நடக்க வேண்டியிருக்காது. முதலில் கடைகளைப் பார்த்துவிட்டு, கால் வலிக்கும்போது உணவுப் பகுதியில் உட்கார்ந்துகொள்ளலாம். பல மாநில உணவுகள் அங்கே உண்டு. பிகாரின் லிட்டி சோக்கா கிடைத்தால் அம்மாவுக்கு அதையே வாங்கிக் கொடுங்கள். வறுத்த கொண்டைக்கடலை மாவை உள்ளே வைத்துச் சுட்ட உருண்டையும் சுட்ட கத்தரிக்காய் மசியலும் நம் நாவுக்கு எளிதில் பிடித்துவிடும். நெய் வேண்டாமென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஏனெனில் கேட்காமலே முக்கித்தான் தருவார்கள்.