'கிளாப்பிங் மியூசிக்' கேட்டவர்கள் இருக்கீங்களா?

ராத்திரிரேடியோ: அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 1972-இல் எழுதியது. வாத்தியமே கிடையாது, இரண்டு பேரின் கைத்தட்டல்தான். 12 மாத்திரையில் (சம அளவுள்ள கால அலகுகள்) ஒரே கோர்வை, அதாவது ஒரே தட்டு வரிசை. ஒருவர் கடைசிவரை மாற்றாமல் தட்டுவார். மற்றவர் 8 அல்லது 12 சுற்றுக்கு ஒருமுறை ஒரு மாத்திரை தாவிக்கொள்வார். நேரில் கேட்டபோது முதல் தாவலிலேயே மூச்சு முட்டியது. பக்கத்து இருக்கைக்காரர் "வேகத்தைக் கூட்டிட்டாங்க" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் காலப்பிரமாணம், அதாவது அடிப்படை வேகம், அசையவே இல்லை!

கஞ்சிராப்பிரியன்: அது கார்வை, அதாவது தட்டில்லாத இடைவெளி, செய்யும் வேலை. தகதிமி தகிட தக தகிட சொல்லுங்க, 4+3+2+3. ஒவ்வொரு சொல்லிலும் கடைசி எழுத்தை விழுங்கிடுங்க: தகதி– தகி– த– தகி–. இதுதான் கோர்வை. 8 தட்டு, 4 கார்வை. சேர்ந்து தட்டும்போது நாலு கார்வையும் காதில் விழும். ஒருத்தர் நகர்ந்ததும் இவர் கார்வைமேல் அவர் கை விழுது, ஓட்டையெல்லாம் அடைபட்டுடுது. கட்டம் போட்டுப் பார்த்தேன்: 1, 6, 11-ஆம் நகர்வுகளில் பொதுவான இடைவெளி ஒன்றுகூட இல்லை. 3, 5, 7, 9-இல் இரண்டு, மற்றவற்றில் ஒன்று. ஆகவே 11 முடிந்து இருவரும் ஒன்றுசேரும்போது நாலும் ஒரேயடியாகத் திறக்குது. தொடங்கின அதே கோர்வைதான், ஆனா அப்போ காதில் பட்டது தட்டு. இப்போ அறையறது கார்வை.

ரூபகம்: இருவரும் சேர்ந்து தட்டும் தொடக்கத்தை நான் மூன்று எண்ணிக்கை போட்டுக் கேட்டேன், சதுஸ்ர நடை (எண்ணிக்கைக்கு நான்கு மாத்திரை). தங்கை அதே ஒலிப்பதிவுக்கு திஸ்ரத்தில் (எண்ணிக்கைக்கு மூன்று மாத்திரை) நாலு போட்டாள். எனக்கு மூன்றாம் எண்ணிக்கை மட்டும் வெறுங்காற்றில் விழுந்தது. அவளுக்கு இரண்டும் மூன்றும் அப்படி. "நொண்டுதுக்கா" என்றாள். எனக்கு நொண்டவில்லை. எண்ணிக்கை விழும் இடத்தில் ஓசை இல்லாதபோதுதான் உறைக்கிறது; மற்ற கார்வைகளை நான் கவனிக்கவேயில்லை.

ராத்திரிரேடியோ: ஓசை முழுக்கச் சமமாக இருந்தாலும் நாம் சும்மா விடுவதில்லையே. 1894-இல் தாடியஸ் போல்ட்டன் என்ற உளவியலாளர் ஒரே மாதிரி ஓசைகளைச் சீராக ஒலிக்கவிட்டார். கேட்டவர்கள் இரண்டிரண்டாக, மூன்று மூன்றாக, நான்கு நான்காகத் தாங்களே பிரித்துக் கேட்டார்கள்.

சும்மாஇருந்தவன்: மன்னிக்கணும், எனக்கு இரண்டாவது நிமிஷமே போரடிச்சு எழுந்துட்டேன்.

கஞ்சிராப்பிரியன்: அது மூணாவது நகர்வா நாலாவதா இருந்திருக்கும் தம்பி. 11 வரை உட்காருங்க, அப்புறம் திட்டுங்க.