திருகோணமலையில் ஆரோக்கிய வழிகாட்டல் தொழில்: முதலில் தேவைப்படுவது சான்றிதழா, வாடிக்கையாளரா?

வினா: உவர்மலை வாசகி

அனைவருக்கும் வணக்கம். அரச சார்பற்ற நிறுவனமொன்றில் உளவளத்துணையாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றினேன். செயற்றிட்டத்துக்கான நிதி நின்றதோடு அந்த வேலையும் நின்றுவிட்டது. யோகாசனம் கற்பிப்பதற்கான பயிற்சியையும் முடித்திருக்கிறேன். கிளினிக்கில் நீரிழிவென்றோ உயர் குருதி அமுக்கமென்றோ சொல்லப்பட்டு, "நிறையைக் குறையுங்கள், தினமும் நடவுங்கள், சீனியை விடுங்கள்" என்ற மூன்று வசனங்களோடு வீட்டுக்கு அனுப்பப்படும் நடுத்தர வயதுப் பெண்கள் நம்மிடையே ஏராளம். அந்த மூன்றையும் அன்றாட வாழ்வில் கடைப்பிடிக்க அவர்களுக்குத் துணைநிற்கும் வழிகாட்டல் சேவையொன்றை வீட்டிலிருந்தே தொடங்க எண்ணுகிறேன்.

கனடாவிலிருக்கும் என் சித்தியின் மகள், வெளிநாட்டுச் சான்றிதழ் இல்லாமல் இத்துறையில் இறங்குவது வீண் என்றும், டொலரில் பணம் கட்டியாவது இணையவழிப் பாடநெறி ஒன்றை முதலில் முடிக்க வேண்டும் என்றும் வற்புறுத்துகிறாள். என் கணவரோ, திருமலையில் புத்திமதிக்கு யார் காசு கொடுப்பார்கள் என்று கேட்கிறார். கையில் பெரிய சேமிப்பும் இல்லை. சான்றிதழ் தேவையா, கட்டணத்தை எவ்வாறு தீர்மானிப்பது, பதிவு செய்ய வேண்டுமா, வைத்தியர்களின் எல்லைக்குள் கால்வைக்காமல் இதனை நடத்துவது எப்படி என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

பதில்: சாம்பல்தீவுச் சந்தி

சகோதரி, உங்கள் கணவர் கேட்டதற்கு விடை கண்ட பிறகு மற்றவற்றைப் பார்க்கலாம். புத்திமதிக்கு இங்கே ஒருவரும் காசு கொடுக்க மாட்டார்கள். மாமியார், அயலவர், யூடியூப், மருந்துக்கடைக்காரர் என எல்லோரும் அதனை இலவசமாகவே தருகிறார்கள். 35 வயதைக் கடந்தவர்களுக்கு அரச வைத்தியசாலைகளின் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் பரிசோதனையும் ஆலோசனையும்கூட இலவசம். ஆனால் வாரந்தோறும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் அழைத்து, போன வாரம் ஒப்புக்கொண்டது நடந்ததா, நடக்கவில்லையானால் எது தடுத்தது என்று சலிப்பில்லாமல் கேட்பவர் எவருமில்லை. அதற்குக் கொடுப்பார்கள். பெண்களுக்கான யோகாசன வகுப்போடு இவ்வாறான வாராந்த உரையாடலையும் நடத்தி வருபவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

ஓர் உதாரணம் தருகிறேன். என்னிடம் வந்த அம்மா ஒருவர் ஒரு நாளைக்கு ஐந்து பிளேன்ரீ குடிப்பவர். ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி. தேநீரில் மட்டுமே பத்துத் தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 40 கிராம் சீனி உள்ளே போகிறது. நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இந்தக் கணக்கைச் சொல்லி அவரைப் பயமுறுத்தியிருக்கலாம். கிளினிக்கில் அது ஏற்கெனவே நடந்திருந்தது, பலன் கிடைக்கவில்லை. ஐந்தில் எதனை விடுவது உங்களுக்கு இலேசு என்று மட்டும் கேட்டேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, பதினொரு மணித் தேநீரை அடுப்படியில் நின்றபடியே குடிப்பதாகவும், அதன் சுவைகூட நினைவில் நிற்பதில்லை என்றும் சொன்னார். முதலில் அது போனது. பிறகு காலைத் தேநீரில் ஒரு கரண்டி குறைந்தது. எதை விடுவதென்று அவரே தெரிவு செய்ததால் நிலைத்தது. மதுப் பழக்கமுடையோருக்காக 1983இல் வில்லியம் மில்லர் முன்வைத்து, பின்னர் ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து விரிவாக்கிய ஊக்கமூட்டும் நேர்காணல் முறையின் சாரம் இதுதான். உளவளத்துணையில் இருந்த உங்களுக்கு இது புதிதாக இராது. உண்மையைச் சொன்னால், உங்களிடமுள்ள மிகப் பெரிய முதலே அதுதான்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, தனியாளுக்கு மணிக்கணக்கில் வசூலிக்க முயல வேண்டாம். வந்தவர் கடிகாரத்தைப் பார்த்தபடி இருப்பார். எட்டுப் பேர் கொண்ட குழுவாக, பன்னிரண்டு வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு மாதம் 3,500 ரூபாய் என்றால் 28,000 ரூபாய் வரும். முதல் மாதப் பணத்தைத் தொடக்கத்திலேயே வாங்கிவிடுங்கள். கடனுக்குச் சேர்ந்தவர்கள் மூன்றாவது வாரத்தில் வருவதில்லை. பிள்ளைகள் பாடசாலைக்குப் போன பிறகு, சமையல் தொடங்குவதற்கு முன்னர் உள்ள காலை நேரமே நம் பெண்களுக்கு வசதியானது. நடைப்பயிற்சிக்குத் தனியே போகக் கூச்சப்படுபவர்கள் நால்வராகச் சேர்ந்தால் உட்துறைமுக வீதியில் தாராளமாக நடப்பார்கள்.

பதில்: மூலிகைத் தோட்டம்

நான் பதிவு பெற்ற சித்த வைத்தியன். எல்லையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பலர் கேட்காமலே தொடங்கிவிடுகிறார்கள். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின்கீழ் சித்தம், யுனானி உள்ளிட்ட சுதேச வைத்தியத்தைச் செய்வதற்குப் பதிவு வேண்டும். நம் மாவட்டத்திலேயே, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில், சித்த மருத்துவத்தைப் பட்டப்படிப்பாகப் பல ஆண்டுகள் கற்று வருகிறார்கள். ஆகவே கஷாயம், சூரணம், எண்ணெய்ச் சிகிச்சை எதையும் உங்கள் சேவையில் சேர்க்காதீர்கள். மாத்திரையின் அளவைப் பற்றி, "குறைத்துப் பாருங்கள்" என்று பேச்சுவாக்கிலும் சொல்லிவிடாதீர்கள்.

தீங்கில்லாதவை போலத் தோன்றும் ஆலோசனைகளில்தான் ஆபத்து அதிகம். செவ்விளநீர் நல்லதென்று எல்லோரும் சொல்வோம். சிறுநீரகம் பழுதடைந்த ஒருவருக்கு அதிலுள்ள பொட்டாசியம் குருதியில் தேங்கி, இதயத் துடிப்பையே குழப்பக்கூடும். கந்தசஷ்டியோ கேதாரகௌரியோ நோற்பவரும், கிண்ணியா, மூதூர்ப் பக்கத்திலிருந்து வரும் நோன்பாளியும் இன்சுலின் அல்லது சீனியைக் குறைக்கும் சில வகை மாத்திரைகளை எடுப்பவர்களாயின், நோன்பு தொடங்குவதற்கு முன்னரே தங்கள் வைத்தியரிடம் மருந்தளவைப் பேசி முடிக்க வேண்டும். விரதத்தினிடையே வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் கண்டால் உடனே சீனி கொடுத்து வைத்தியசாலைக்கு அனுப்புவதே உங்கள் வேலை. விரதத்தைத் தொடரலாமா என்று ஆலோசிப்பது உங்கள் வேலையன்று.

சேரும் ஒவ்வொருவரிடமும் அவருடைய நோய்கள், மருந்துகள், கிளினிக் பார்க்கும் இடம் ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். உடற்பயிற்சி செய்யலாம் என்று வைத்தியர் சொன்னாரா என்பதையும் கேளுங்கள். பேச்சினிடையே உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வெளிப்பட்டால், முன்னாள் உளவளத்துணையாளர் என்பதற்காக அதனை இந்தக் குழுவுக்குள் கையாளாமல், 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தையும் வைத்தியசாலையின் உளநலப் பிரிவையும் நாடச் செய்யுங்கள்.

ஓர் இடைச்செருகல்: நீங்கள் பெயர்ப்பலகை வைத்த மறுவாரமே ஆள்சேர்த்து நிறைகுறைப்பு மா விற்கும் வலையமைப்பு வியாபாரக்காரர் எவராவது வந்து, தரகுப் பணம் தருவதாகச் சொல்வார். வழிகாட்டலைக் காட்டிலும் அதில் விரைவாகப் பணம் வரும் என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் அதற்குப் பிறகு உங்கள் பெயரைக் கேட்டு எந்த வைத்தியரும் தம்மிடம் வருபவரை உங்களிடம் அனுப்ப மாட்டார்.

பதில்: உப்புவெளி விருந்தகம்

உள்ளூர்ப் பெண்களிடம் 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டு எத்தனை காலம் ஓட்டுவது? உப்புவெளி, நிலாவெளியில் தங்கும் வெளிநாட்டினர் ஒரு காலை யோகாசனத்துக்கே அதைவிட அதிகம் கொடுக்கிறார்கள். விருந்தகங்களோடு பேசிப் பாருங்கள்.

உவர்மலை வாசகி

மூவருக்கும் நன்றி. விருந்தக யோசனை வருமானத்துக்கு உதவும் என்று விளங்குகிறது. ஆயினும் இரண்டு நாள் தங்கிப் போகிறவரின் பழக்கத்தை நான் எப்படி மாற்றுவது? வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் கடற்கரை வெறிச்சோடிவிடுமே, அந்த மாதங்களில் என்ன செய்வது? பதிவு, வரி பற்றியும் எவராவது சொல்வீர்களா?

பதில்: கணக்குப்பிள்ளை

சுருக்கமாகச் சொல்கிறேன். சொந்தப் பெயரில்லாத வேறொரு பெயரில் நடத்துவதாயின் வியாபாரப் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். கிராம உத்தியோகத்தரிடம் உறுதிப்படுத்திக்கொண்டு பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். அந்தப் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கவும் பதிவுச் சான்று கேட்பார்கள். வருமான வரியில் 2025/2026 மதிப்பீட்டாண்டு முதல் தனிநபர் வரி நிவாரணம் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் என்பதால், வேறு வருமானம் இல்லாத நிலையில் தொடக்கத்தில் உங்களுக்கு வரி வர வாய்ப்பில்லை. என்றாலும் வரி செலுத்துநர் அடையாள இலக்கத்தை எடுத்து, வரவு செலவை முதல் நாளிலிருந்தே எழுதி வையுங்கள்.

பலரும் கவனிக்காதது ஒன்று உண்டு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலத் தகவலைச் சிறப்பு வகைத் தரவாகக் கொள்கிறது. எட்டுப் பேரின் சீனி அளவையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லும் வழக்கத்தை ஆரம்பிக்காதீர்கள். சட்டம் ஒருபுறமிருக்க, சிறிய ஊர் இது. ஒருத்தியின் நிறை மறுநாள் கோயில் வாசலில் பேசப்படும்.

பதில்: சாம்பல்தீவுச் சந்தி

சான்றிதழ்க் கேள்வி விடுபட்டுப் போயிற்று. இலங்கையில் இத்தொழிலுக்கெனத் தனி உரிமம் கிடையாது. உங்கள் தங்கை சொல்லும் வகையில் மதிப்புள்ளதென்றால், ஐக்கிய அமெரிக்காவின் தேசிய ஆரோக்கிய வழிகாட்டிகள் சபையின் பரீட்சையைச் சொல்லலாம். அதற்கும் அங்கீகரிக்கப்பட்ட பாடநெறி மட்டும் போதாது. ஒவ்வொன்றும் 20 நிமிடத்துக்குக் குறையாத 50 அமர்வுகளை நடத்திக் காட்ட வேண்டும். கனடாவிலுள்ள தமிழ்ப் பெண்களை இணையவழியில் சேர்க்கும் எண்ணம் வந்தால் அப்போது அதனை யோசியுங்கள். டொரன்டோவில் இருப்பவர்களுக்குக் கோடையில் இரவு ஒன்பது மணியாகும்போது நமக்குக் காலை ஆறரை. நேரம் நன்றாகவே பொருந்தும். அந்தப் பாடநெறிக்கான பணத்தை இங்கே நடத்தும் குழுக்களிலிருந்து சேர்ப்பதே முறை. விருந்தக வகுப்பை மே முதல் செப்டெம்பர் வரை பக்க வருமானமாக வைத்துக்கொண்டால், மழை மாதங்களுக்கான வாடகைக்கும் மின்கட்டணத்துக்கும் கைகொடுக்கும்.

முதல் எட்டுப் பேரைத் தேடி முகநூலில் விளம்பரம் போட வேண்டாம். உங்கள் பகுதியின் குடும்பநல உத்தியோகத்தரையும், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையையும் நேரில் சந்தித்து, நீங்கள் என்ன செய்வீர்கள், என்ன செய்ய மாட்டீர்கள் என்பதை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுங்கள். செய்ய மாட்டாதவற்றை முதலில் எழுதுங்கள். அவர்கள் பார்ப்பது அதைத்தான்.