உதவி: தாத்தாவின் மொரிஸ் மைனர் யாரிடமிருந்து வந்தது?

லயத்துப் பேரன்
அவசரம். தாத்தாவின் மொரிஸ் மைனர் வீட்டுக் கொட்டிலில் நிற்கிறது. தோட்டத்தை அரசாங்கம் எடுத்தபோது சீமைக்குப் போன துரை கொடுத்துவிட்டுப் போனார் என்று பாட்டி சொல்வார். இப்போது இருவருமே இல்லை. மாத முடிவில் கொழும்பிலிருந்து ஆள் வந்து வாங்கிக்கொள்ளும் என்கிறார் சித்தப்பா. அதற்குள் யாருடைய கார், எந்த ஆண்டுக் கார் என்று தெரிய வேண்டும். எஞ்சின் இலக்கம் ‘10எம்’ என்று தொடங்குகிறது. 1962க்குப் பிந்தையது என்று நினைக்கிறேன். சரிதானா?

டிக்கோயாக் குளிர்
எந்தத் தோட்டம் தம்பி? பதிவு இலக்கம் என்ன? முன் கண்ணாடி ஒரே துண்டா, நடுவில் பிரிந்ததா? தாத்தாவுக்கு என்ன வேலை?

மகாகஸ்தோட்டை மைந்தன்
நுவரெலியாப் பக்கத்துக் கார் என்றால் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தில் ஓடியிருக்க வாய்ப்பு நிறைய. 1934இலிருந்து நடக்கிறது. துரைமார் தங்கள் சொந்த வண்டிகளையே கொண்டுவந்து ஓட்டினார்கள். கதவில் பழைய வர்ணத்துக்கு அடியில் பந்தய எண் எழுதும் வெள்ளை வட்டம் தெரிகிறதா என்று சுரண்டிப் பாருங்கள்.

பழைய ஸ்பேனர்
எதையும் சுரண்ட வேண்டாம். இந்தக் கேள்விக்கு நான் எத்தனையோ முறை பதில் எழுதிவிட்டேன். புதிதாக வருகிறவர்கள் பழைய இழைகளைத் தேடிப் படிப்பதில்லை. எஞ்சின் இலக்கத்தைக் கொண்டு காருக்கு வயது சொல்வது, தலையில் இருக்கும் தொப்பியைப் பார்த்து ஆளுக்கு வயது சொல்வது போன்றது. ‘10எம்’ என்பது 1098 சிசி எஞ்சின். அது 1962இல்தான் வந்தது. கார் அதற்கு எவ்வளவோ முந்தியதாக இருக்கலாம். 1960களில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்த பிறகு நம் நாட்டில் எஞ்சின் மாற்றாத மைனரைக் காண்பதே அரிது. போனட்டைத் திறந்து, உட்சுவரில் உள்ள சிறு தகட்டில் சேஸி இலக்கத்தைப் படியுங்கள். பிறகு பேசலாம்.

ஹப்புத்தளை மாமா
அவர் சொல்வது சரிதான், தொனியைத்தான் மாற்றமாட்டார். தகட்டில் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெதுவாகத் துடையுங்கள். கம்பித் தூரிகை போட்டால் எழுத்தே போய்விடும்.

லயத்துப் பேரன்
கண்ணாடி நடுவில் பிரிந்தது. பச்சை நிறம். இலக்கம் ‘இஎன்’ வரிசை.

டிக்கோயாக் குளிர்
அப்படியென்றால் 1962 இல்லவே இல்லை. பிரிந்த கண்ணாடி 1956இல் நின்றுவிட்டது. அதன்பின் வந்த மொரிஸ் 1000க்கு ஒரே வளைந்த கண்ணாடி. ‘இஎன்’ எழுத்தும் 1957க்கு முந்தியது. அந்த ஆண்டுதான் புதிய வாகனங்களின் இலக்கத் தகட்டில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து வந்தது. எந்தத் தோட்டம் என்று இன்னும் சொல்லவில்லையே?

யாழ் ஓட்டுநர்
நல்லவேளை, ஸ்ரீ இல்லாத கார். இருந்திருந்தால் சிங்கள எழுத்தை எதிர்த்து எங்கள் பக்கத்தில் அதன்மேல் தார் பூசியிருப்போம். அந்தப் போராட்டம் வடக்கில் நடந்தது. மலையகத்தில் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

பொகவந்தலாவைக்காரன்
தெரியாததை எழுதாதீர்கள். 1958இல் எங்கள் ஊரிலும் ஸ்ரீ எதிர்ப்பு நடந்தது. பொலிஸார் சுட்டதில் தோட்டத் தொழிலாளர்கள் செத்தார்கள். குடியுரிமையும் இல்லாமல், வாக்கும் இல்லாமல் இருந்தவர்கள் அதைச் செய்தார்கள். நீங்கள் எழுதும் வரலாற்றில் மலையகத்துக்கு எப்போதும் ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை.

யாழ் ஓட்டுநர்
அவமதிக்க எழுதவில்லை அண்ணன். ஆனாலும் பஸ்களில் பெருமளவில் நடந்தது...

மட்டுறுத்துநர்
ஸ்ரீ பேச்சுக்குத் தனி இழை தொடங்கவும். இங்கே காரைப் பற்றி மட்டும்.

பழைய ஸ்பேனர்
நன்றி. சேஸி இலக்கம் ‘எஃப்’ என்று தொடங்கினால் மைனர். அடுத்த எழுத்து ‘ஏ’ என்றால் நான்கு கதவு, ‘பி’ என்றால் இரண்டு. மூன்றாவது எழுத்து வர்ணம், ‘ஈ’ பச்சை. பின்னால் வரும் முதல் எண்தான் முக்கியம்: 1 பிரித்தானியாவில் விற்றது, 2 வலப்பக்கச் சுக்கானுடன் ஏற்றுமதியானது, 5 உதிரியாக வந்து பூட்டப்பட்டது. 1 என்று இருந்தால், துரை விடுமுறைக்குப் போன இடத்தில் வாங்கிக் கப்பலில் ஏற்றியிருக்கலாம். இங்கிலாந்தில் கெய்டன் என்னும் ஊரில் உள்ள பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகத்துக்கு அந்த இலக்கத்தை அனுப்பிக் கட்டணம் செலுத்தினால், தொழிற்சாலைப் பேரேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருவார்கள். தயாரித்த நாள், முதல் வர்ணம், முதல் எஞ்சின் இலக்கம், எங்கே அனுப்பினார்கள் என்பதெல்லாம் வரும். யார் வாங்கினார் என்பது வராது. அதையும் அங்கே கேட்காதீர்கள்.

ஹப்புத்தளை மாமா
ஆளைத் தேட வேண்டிய இடம் வேறு. முதலில் வீட்டில் பதிவுப் புத்தகத்தைத் தேடுங்கள். கைமாறிய பெயர்கள் வரிசையாக இருக்கும். இல்லையென்றால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பெயர் கிடைத்ததும் பெர்குசன் டைரக்டரியைப் பாருங்கள். தோட்டத்துக்குத் தோட்டம் ஏக்கர், சொந்தக்காரர், துரை பெயர் எல்லாம் போட்டிருப்பார்கள். கொழும்பில் சுவடிகள் திணைக்களத்தில் பார்க்கலாம். இன்னொன்று: மைனர் தோட்டத்தை நடத்தும் பெரிய துரையின் வண்டியாக இருக்காது, அவருக்கு உதவியாக இருக்கும் சின்ன துரைதான் வைத்திருப்பார். பாட்டி சொன்ன காலத்தையும் சரிபாருங்கள். 1972 காணிச் சீர்திருத்தச் சட்டத்தில் தனியார் காணிகள் அரசாங்கத்துக்குப் போயின. கம்பனித் தோட்டங்கள் 1975இல்தான் போயின.

மகாகஸ்தோட்டை மைந்தன்
சின்ன துரை என்றால் பந்தயம் நிச்சயம்.

லயத்துப் பேரன்
புத்தகம் சித்தப்பாவின் பீரோவில் இருந்தது. முதல் பெயர் தோட்டக் கம்பனி. பிறகு அட்டன் கராஜ் ஒன்று. மூன்றாவது தாத்தா, 1969. துரை பெயரே இல்லை. தகடு ‘எஃப்ஏஈ 2’ என்று தொடங்குகிறது. சித்தப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. நன்றி.

டிக்கோயாக் குளிர்
1969 என்றால் அரசாங்கம் எடுப்பதற்கு முன்பே வாங்கிவிட்டார். கராஜிடம் காசு கொடுத்து! தோட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள், அந்தக் கராஜ்காரர் பிள்ளைகளை எனக்குத் தெரிந்திருக்கலாம்.

பழைய ஸ்பேனர்
சேஸி இலக்கத்தை முழுமையாக எழுதவும். பாதி இலக்கத்தால் பயனில்லை.

மைனர் பித்தன்
கொழும்புக்காரர் என்ன விலை சொன்னார்? எஞ்சின் மாற்றியது என்று தெரிந்தால் குறைப்பார், நீங்களாகச் சொல்லாதீர்கள். காரைக் கொடுப்பதில்லை என்று முடிவானால் முன் கிரில்லை மட்டும் எனக்குத் தருவீர்களா?