எலிப்பொறிக்கு ‘ப்’ உண்டு, தேடுபொறிக்கு ஏன் இல்லை?

மெய்ப்புமேசை:
எலிப்பொறி, தீப்பெட்டி, எதிர்க்கட்சி எல்லாவற்றிலும் நடுவே ஒற்று (க், ப் போன்ற மெய்யெழுத்து) வருகிறது. தேடுபொறி, ஏவுகணை, ஊறுகாய் இவற்றில் வருவதில்லை. இலக்கணப் பெயர்களை மனப்பாடம் செய்யாமல் இதைப் பிடிக்க வழி உண்டா? எதைச் சேர்த்து எழுதுவது, எதைப் பிரிப்பது என்பதும் குழப்பம்தான்.

தொகைவிரி:
சொல்லை விரித்துப் பாருங்கள். தேடுபொறி என்றால் தேடிய பொறி, தேடுகிற பொறி, தேடும் பொறி. முன்னால் நிற்பது வினையடி. மூன்று காலத்துக்கும் விரிகிறது. இது வினைத்தொகை, இதில் வல்லினம் மிகாது, அதாவது நடுவே ஒற்று வராது. சுடுகாடு, படர்கொடியும் இப்படித்தான்.

எலிப்பொறி அப்படி விரியாது. ‘எலியைப் பிடிக்கும் பொறி’ என்று ஓர் உருபையும் (இங்கே ‘ஐ’) ஒரு வினையையும் நாமே போட்டுத்தான் பொருள் சொல்ல வேண்டும். இப்படி உருபும் வினையும் சேர்ந்து மறைந்திருந்தால் ஒற்று வரும்: தயிர்க்குடம், மருந்துக்கடை. முன்சொல் நிறத்தையோ வகையையோ சொன்னாலும் வரும்: பச்சைப்பட்டு, மல்லிகைப்பூ. ‘உம்’ மறைந்திருந்தால் வராது: வெற்றிலைபாக்கு (வெற்றிலையும் பாக்கும்), செடிகொடி.

பலரும் சறுக்குவது, பின்னால் வினை வரும்போது. கரும்புச்சாறு சரி, ஆனால் ‘கரும்பு தின்றான்’. தமிழ்ப் பாடம், ஆனால் ‘தமிழ் படித்தான்’. ‘ஐ’ வெளியே வந்துவிட்டால் ஒற்றும் கூடவே வரும்: கரும்பைத் தின்றான்.

மெய்ப்புமேசை:
அப்படியானால் ‘குளிர்பான கடை’ என்ற பலகை?

தொகைவிரி:
பாதி சரி. குளிர்பானம் வினைத்தொகை, அதில் கை வைக்காதீர்கள். பானம் + கடையில் ‘ம்’ போய் ‘க்’ வர வேண்டும். குளிர்பானக் கடை.

அச்சுக்கோப்பு:
இடைவெளி பற்றி யாரும் சொல்லவில்லையே. ‘சாவியைக் கண்டுபிடித்தான்’ ஒரே சொல். ‘திருடனைக் கண்டு பிடித்தான்’ என்று பிரித்தால், பார்த்து, பிறகு பிடித்தான் என்றாகிவிடும். துணைவினையைச் சேர்த்தே எழுதுங்கள்: வந்துவிட்டான், எழுதிக்கொண்டிருந்தாள். ‘வரும்போது’ என்பதையும் உடைக்க வேண்டாம்.

பிரித்து எழுதும் இடத்தில் ஒற்று முன்சொல்லோடு நிற்க வேண்டும்: ‘பொதுத் தேர்வு’. ‘பொது த்தேர்வு’ என்று தட்டினால் வரியின் தொடக்கத்தில் ‘த்’ வந்து உட்கார்ந்துகொள்ளும். தமிழில் மெய்யெழுத்தில் சொல் தொடங்காது. நடுவில் காற்புள்ளி வந்தால் ஒற்றை எடுத்துவிடுங்கள்.

மொத்தமாகத் தேடி மாற்றுவதில்தான் ஆபத்து அதிகம். ‘தேர்வு’ வரும் இடமெல்லாம் முன்னால் ‘த்’ சேர்க்கச் சொன்னால் ‘நல்லத் தேர்வு’ முளைக்கும். நல்ல, பெரிய, சிறிய, வந்த போன்ற பெயரெச்சங்களுக்குப் பின் மிகாது. ஆனால் அந்த, இந்த, எந்த மூன்றுக்கும் பின் மிகும். ‘பொது தேர்வு’ என்று முழுத்தொடராகவே கொடுத்துத் தேடுங்கள், ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். எதிர்க்கட்சியை ஒரே கோப்பில் எதிர்கட்சி, எதிர் கட்சி, எதிர்க் கட்சி என்று விதவிதமாக எழுதியிருப்பார்கள். மூன்றையும் தனித்தனியாகத் தேட வேண்டியிருக்கும்.