லிண்டலில் இறங்காத கார்ட்லெஸ் டிரில்: பேட்டரியை மாற்றவா, மெஷினையே மாற்றவா?

ஜன்னலோரம்:
எல்லோருக்கும் வணக்கம். ஜன்னலுக்கு மேலே திரைச்சீலைக் கம்பி மாட்ட நான்கு துளை போட வேண்டும். இதற்காகவே போன மாதம் ஒரு கார்ட்லெஸ் டிரில் வாங்கினேன். பேட்டரியில் 48 வோல்ட் என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. முதல் துளை ஒரு சென்டிமீட்டர் போனதும் நின்றுவிட்டது. பத்து நிமிடம் ஏணியில் நின்றபடி முழு பலத்தோடு அழுத்தினேன். பிட்டின் நுனி நீலமாகிவிட்டது, கருகிய வாசனை வந்தது, பேட்டரி கையில் சுட்டது. ஆனால் அதே சுவரில் கீழே படம் மாட்டப் போட்ட துளை சுலபமாக இறங்கியது. ஒரே சுவரில் இது எப்படி?

இன்னும் பெரிய பேட்டரி வாங்கினால் சரியாகுமா, இல்லை வேறு மெஷினா? என் மைத்துனர் தச்சு வேலை தொடங்கப் போகிறார், இருவருக்கும் பொதுவாக ஒன்று வாங்கலாமா என்றும் யோசனை.

பழைய வயர்மேன்:
தம்பி, அது ஒரே சுவர் இல்லை. கீழே இருப்பது செங்கல். ஜன்னலுக்கு மேலே இருப்பது லிண்டல், அதாவது உள்ளே கம்பி வைத்து வார்த்த கான்கிரீட். பெயின்ட் அடித்த பிறகு வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல்தான் தெரியும்.

மூன்றைப் பார்த்துச் சொல்லுங்கள். பிட்டின் நுனி எப்படி இருக்கிறது? பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக்குக்குப் பின்னால் இருக்கும் வளையத்தில் சுத்தியல் படம் உண்டா? மெஷின் எந்தப் பக்கம் சுற்றுகிறது? கடைசிக் கேள்விக்குக் கோபப்படாதீர்கள். முப்பது வருடம் வேலை பார்த்த நானே போன வாரம் ரிவர்ஸில் வைத்து அரை நிமிடம் அழுத்திக்கொண்டிருந்தேன்.

சும்மா ஒருவன்:
பத்து நிமிடமா? சுவர் இறங்காவிட்டாலும் தோள்பட்டை இறங்கியிருக்குமே ப்ரோ.

ஜன்னலோரம்:
தோள்பட்டை இன்றும் வலிக்கிறது. :)

அண்ணே, சரியான பக்கம்தான் சுற்றுகிறது. பிட் தங்க நிறம், மெஷினோடு பெட்டியில் வந்தது, நுனி கூராக இருந்தது. வளையத்தில் 1 முதல் 25 வரை எண்கள், கடைசியில் ஒரு பிட் படம். சுத்தியல் படம் இல்லை.

பழைய வயர்மேன்:
அப்படியானால் விஷயம் முடிந்தது. உங்கள் மெஷின் துளை போடும், ஸ்க்ரூ முடுக்கும், ஆனால் தட்டாது. தங்க நிற பிட் இரும்புக்கும் மரத்துக்கும். மெத்தென்ற செங்கலிலும் பூச்சிலும் அதுவும் ஒப்பேற்றிவிடும், அதனால்தான் கீழே இறங்கியது. கான்கிரீட்டில் அது தேயும், நீலம் பாய்ந்தபின் எதற்கும் ஆகாது, தூக்கிப் போடுங்கள். சுவர் பிட்டின் நுனியில் சின்னதாக ஒரு கார்பைடு தகடு பற்றவைத்திருக்கும். தண்டைவிடக் கொஞ்சம் அகலமாக, மழுங்கிய உளி மாதிரி இருக்கும். அதைக் கூர்மை இல்லாத பிட் என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு.

கான்கிரீட்டைச் சுரண்டி எடுக்க முடியாது, உடைத்துத்தான் எடுக்க வேண்டும். உடைப்பதிலும் இரண்டு வகை மெஷின் இருக்கிறது, பெயர் குழப்பும். "ஹேமர் டிரில்" என்பதில் பல் வைத்த இரண்டு வட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்கும். நிமிடத்துக்கு 20,000 தட்டுக்கு மேல் போகும், ஆனால் ஒவ்வொன்றும் கொசுத் தட்டு. நீங்கள் அழுத்தினால்தான் அதுவும் தட்டும். செங்கலுக்கு நல்லது, கான்கிரீட்டில் ஒன்றிரண்டு துளைக்குச் சமாளிக்கும். "ரோட்டரி ஹேமர்" வேறு. உள்ளே பிஸ்டன் காற்றை அமுக்கி, அந்தக் காற்று ஓர் இரும்புத் துண்டைத் தள்ளி, அது பிட்டின் பின்புறத்தில் அடிக்கும். நிமிடத்துக்கு 4,000, 5,000 அடிதான், ஆனால் ஒவ்வொன்றும் அடி. நாம் பிடித்துக்கொண்டால் போதும், அமுக்க வேண்டாம். இதற்கு பிட்டும் தனி: எஸ்டிஎஸ் பிளஸ், பின்புறம் காடி வெட்டியிருக்கும். சாதா சக்கில் அதைப் போடாதீர்கள். பெட்டியில் ஒவ்வொரு அடியின் ஆற்றலை ஜூல் கணக்கில் போட்டிருப்பார்கள். 6, 8 மில்லி துளைக்கு 2 ஜூல் தாராளம்.

மரத்தூள்:
பேட்டரி பக்கம் நான் வருகிறேன். நண்பரே, அந்த 48-ஐ நம்ப வேண்டாம். சார்ஜரைத் திருப்பி, அவுட்புட் என்ற இடத்தில் எத்தனை வோல்ட் என்று படித்துச் சொல்லுங்கள்.

ஜன்னலோரம்:
21 வோல்ட் என்று இருக்கிறது. அப்படியென்றால் 48?

மரத்தூள்:
ஸ்டிக்கர்.

லித்தியம் செல் ஒன்று முழு சார்ஜில் 4.2 வோல்ட். 21-ஐ 4.2-ஆல் வகுத்தால் ஐந்து செல். ஐந்து செல் வரிசையாக உள்ள எந்த பேட்டரியும் ஓடும்போது 18 வோல்ட் பேட்டரிதான். பெரிய கம்பெனிகள் 18 என்று போடுவதும், 20 மேக்ஸ் என்று போடுவதும் இதே ஐந்து செல்தான், அளக்கும் நேரம்தான் வேறு. அதுபோல 10.8-ம் 12 மேக்ஸும் ஒன்று, மூன்று செல். ஆக, வோல்ட்டை வைத்து இரண்டு கம்பெனியை ஒப்பிடாதீர்கள். லேபிளில் வாட் அவர் பாருங்கள், பேட்டரியில் அடங்கும் மொத்த ஆற்றல் அதுதான். 18 வோல்ட், 4 ஆம்பியர் அவர் என்றால் 72. அந்த எண்ணே இல்லாத பேட்டரி என்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

இன்னொன்று. 2 ஆம்பியர் அவர் பேட்டரியில் பெரும்பாலும் ஐந்து செல்தான். 4-ல் பெரும்பாலும் பத்து, இரண்டிரண்டாக ஜோடி சேர்த்திருக்கும். நேரம் கூடுவது மட்டும் இல்லை, சுமை இரண்டாகப் பிரிவதால் கனமான வேலையில் மெஷின் திணறாது, பேட்டரியும் அவ்வளவு சுடாது. ஆனால் கை மேலே தூக்கி வேலை செய்யும்போது அந்த எடை தெரியும். நான் ஏணிக்கு 2, மேசைக்கு 4 வைத்திருக்கிறேன்.

மைத்துனருக்கு என்றால் 18 வோல்ட், பிரஷ்லெஸ், 13 மில்லி சக், இரண்டு கியர். பிரஷ்லெஸ் மோட்டாரில் கார்பன் பிரஷ் கிடையாது, அதனால் தேய்மானம் இல்லை, சூடும் குறைவு. டார்க், அதாவது முறுக்கும் விசை, அந்த எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். பெட்டியில் பெரிதாக இருப்பது இரும்பில் சட்டென்று முட்டும்போது வருவது, மரத்தில் ஸ்க்ரூ இறங்கும்போது கிடைப்பது அதில் பாதி இருந்தாலே நல்லது. கடையில் செய்து பார்க்க ஒன்று சொல்கிறேன்: நீளமான மெல்லிய பிட்டை மாட்டி மெதுவாகச் சுற்றவிட்டு நுனியைப் பாருங்கள். நுனி வட்டம் போட்டால் சக் நேராக இல்லை, வைத்துவிட்டு வாருங்கள். அப்புறம் டிரிகரை மிக மெல்ல அழுத்துங்கள். பாம்பு ஊர்வது மாதிரி தொடங்க வேண்டும், குதித்தால் ஸ்க்ரூ தலையைக் கெடுத்துவிடும்.

"இம்பாக்ட் டிரைவர்" என்று ஒன்றைக் காட்டுவார்கள். அதில் அடி சுற்றுவாக்கில் விழும், நீள ஸ்க்ரூ முடுக்க அருமை, சுவருக்கு அல்ல.

ஒயர் கட்சி:
எல்லாம் சரி, ஆனால் வருடத்துக்கு நான்கு துளை போடுகிறவருக்கு கார்ட்லெஸ் எதற்கு? ஒயர் உள்ள சின்ன ரோட்டரி ஹேமர் பத்து வருடம் பரணில் கிடந்தாலும் எடுத்ததும் ஓடும். லித்தியம் பேட்டரியைக் காலியாக வைத்து மறந்தால், சில மாதத்தில் வோல்ட் ரொம்ப இறங்கி சார்ஜரே ஏற்றுக்கொள்ளாது. எனக்கு இரண்டு பேட்டரி அப்படிப் போனது.

மரத்தூள்:
இது நியாயமான பேச்சு. வீட்டுக்கு ஒயர் ஹேமர், ஸ்க்ரூ முடுக்க இருக்கும் கார்ட்லெஸ் என்றால் நான் மறுக்க மாட்டேன். பேட்டரியைப் பாதி சார்ஜில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஆனால் தொழில் செய்பவர் மெஷினை வாங்கவில்லை, பேட்டரியை வாங்குகிறார். சில கம்பெனிகள் கூட்டாக ஒரே பேட்டரி வைத்திருந்தாலும், பொதுவாக ஒன்றின் பேட்டரி மற்றதில் ஏறாது. அடுத்து வாங்கப்போகும் வட்ட ரம்பமும் ஜிக்சாவும் அந்தக் கம்பெனியில் இருக்கிறதா, பேட்டரி இல்லாமல் மெஷின் மட்டும் கிடைக்கிறதா, சர்வீஸுக்கு எவ்வளவு தூரம் போக வேண்டும், இதைப் பார்த்துவிட்டு முதல் டிரில்லை எடுக்கட்டும்.

பழைய வயர்மேன்:
தம்பி, பாதியில் பிட் நின்று மினுமினுப்பாக இரும்புத் தூள் வந்தால் அது உள்ளிருக்கும் கம்பி. விடாப்பிடியாக அதை அறுக்காதீர்கள், துளையை இரண்டு விரல் தள்ளிப் போடுங்கள். சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலேயும் நேர் பக்கவாட்டிலும் துளையே வேண்டாம், பெரும்பாலும் அந்த வழியில்தான் ஒயர் போகும்.

ஜன்னலோரம்:
இன்று பக்கத்து வீட்டில் ஒயர் உள்ள ரோட்டரி ஹேமர் கேட்டு வாங்கினேன். 6 மில்லி எஸ்டிஎஸ் பிட். நம்ப முடியவில்லை, ஒரு துளைக்குப் பத்து எண்ணுவதற்குள் முடிந்தது. மூன்றாவதில் நிஜமாகவே மினுமினுப்புத் தூள் வந்தது, தள்ளிப் போட்டேன். திரைச்சீலைக் கம்பியின் ஸ்க்ரூக்களை என் "48 வோல்ட்" ஹீரோதான் முடுக்கினார். முதலில் பிட் படத்தில் வைத்து துளைக்குள் செருகிய பிளாஸ்டிக் பிளக் ஒன்றையே சுழலவிட்டேன், பிறகு வளையத்தை 8-க்குக் கொண்டுவந்ததும் ஸ்க்ரூ இறுகிய இடத்தில் டக்டக்கென்று சரியாக நின்றது. மைத்துனர் தனியாக 18 வோல்ட் பார்க்கிறார், பொதுவாக வாங்கும் யோசனையைக் கைவிட்டோம்.

சும்மா ஒருவன்:
தலைக்கு மேல் துளை போட்டீர்களே, கண்ணாடி போட்டீர்களா?

ஜன்னலோரம்:
இரண்டாவது துளையிலிருந்து.