உமிக்கரியை விட்டதால்தான் பல் கெட்டதா?

வெண்ணாற்றங்கரையான் (நீடாமங்கலம்):
என் தாத்தா 84 வயதிலும் கரும்பைப் பல்லால் உரித்துத் தின்றவர். பேஸ்ட்டைக் கையால் தொட்டதில்லை. காலையில் வேப்பங்குச்சி, இல்லாவிட்டால் மில்லில் வாங்கிய உமியைக் கருக்கி உப்புச் சேர்த்துப் பொடித்த உமிக்கரி. என் பேரனுக்கு 7 வயது. விளம்பரத்தில் வரும் பேஸ்ட்டில்தான் தினமும் துலக்குகிறான். நான்கு கடைவாய்ப் பற்கள் சொத்தை! "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்ற ஊரில் இது எப்படி வந்தது? கையில் இருந்ததைத் தூக்கியெறிந்த வினை என்கிறேன். மறுப்பவர்கள் காரணம் சொல்லி மறுக்கவும்.

குடமுருட்டி (திருவையாறு):
ஐயா, பல் மருத்துவமனையில் 15 ஆண்டுகளாக உதவியாளராக இருக்கிறேன். தாத்தாவின் குச்சியைச் சொன்னீர்கள், அவருடைய தட்டைச் சொல்லவில்லையே. காலையில் பழைய சோறும் மோரும், இனிப்பு என்றால் பொங்கலும் தீபாவளியும். பேரன் என்ன தின்கிறான்? பள்ளிக்குப் போகுமுன் சர்க்கரை போட்ட பால், இடைவேளையில் கிரீம் பிஸ்கட், மாலையில் மிட்டாய், படுக்கும்போது மறுபடி பால். வாயில் இருக்கும் கிருமிகள் அந்தச் சர்க்கரையைத் தின்று அமிலத்தை விடுகின்றன. பல்லின் மேலோடான எனாமலிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைகிறது. உமிழ்நீர் அந்த அமிலத்தை ஆற்றி முடிக்க அரை மணி நேரம் போல ஆகும். அதற்குள் அடுத்த பிஸ்கட் வந்துவிட்டால் பல்லுக்கு ஓய்வே கிடையாது. நான்கு மிட்டாயை ஒரே வேளையில் தின்பதைவிட நான்கு வேளையில் ஒவ்வொன்றாகத் தின்பது பெருங்கேடு.

நடவு வயலிலும் இதைத்தான் பார்க்கிறேன். கரைக்கு வரும் டீ, அதுவும் இரட்டைச் சர்க்கரையுடன், ஒரு நாளில் ஐந்து முறை.

உமிக்கரி பற்றி ஒன்று. உமியில் சிலிக்கா மிகுதி. மணலில் இருப்பதும் அதுதான். வருடக்கணக்கில் விரலால் அழுத்தித் தேய்த்தவர்களின் ஈறோரத்துப் பல் கழுத்து, அரிவாளால் செதுக்கியதுபோலக் குழிந்திருக்கும். குளிர்ந்த தண்ணீர் பட்டாலே துடிப்பார்கள்.

வெண்ணாற்றங்கரையான்:
இனிப்பைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பேஸ்ட்டில் கலக்கும் ஃபுளோரைடு? தர்மபுரிப் பக்கம் தண்ணீரில் அது மிகுந்து பல் பழுப்பேறியவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதையா குழந்தை வாயில் திணிப்பது?

குடமுருட்டி:
தர்மபுரி மக்கள் பட்டது உண்மையான துன்பம். அது பிறந்ததிலிருந்து நாள்தோறும் குடித்த தண்ணீரால் வந்தது. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. பேஸ்ட்டை நாம் குடிப்பதில்லை, துப்புகிறோம். 3 வயதுக்குள் அரிசியளவு, 6 வயது வரை பட்டாணியளவு போதும். விளம்பரத்தில் காட்டுவதுபோலத் தூரிகை நீளத்துக்குப் பிதுக்க வேண்டாம். அமிலத்தால் தளர்ந்த எனாமலை மறுபடி இறுக வைப்பது ஃபுளோரைடு. அந்த வேலையை வேப்பங்குச்சி செய்யாது.

கொடிக்கால்காரன் (ராஜகிரி):
பல் கெட்டது என்றாலே பல் மருத்துவமனைக்காரர்கள் வெற்றிலை மேல் பழி போடுகிறீர்கள். இந்த இலைதான் எங்களுக்குச் சோறு.

குடமுருட்டி:
அண்ணா, இலையோடு எனக்குச் சண்டை இல்லை. பாக்கோடுதான் சண்டை. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-லேயே வெளியிட்டுவிட்டது. பாக்கு மென்று மென்று கன்னச் சதை இறுகி, இரண்டு விரல்கூட வாய்க்குள் நுழையாதவர்களுக்கு நான் விளக்குப் பிடித்திருக்கிறேன். இதை மெல்லச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கொடிக்கால்காரன்:
பாக்கு இல்லாமல் இலையை யார் வாங்குவார்கள்? அதையும் யோசியுங்கள் தங்கச்சி.

வெண்ணாற்றங்கரையான்:
குச்சியை நான் விடப் போவதில்லை. மென்மையாக மென்று, நுனியைப் பூப்போல ஆக்கித் தேய்த்தால் அதுவும் தூரிகைதான். ஆனால் வேறொன்று கேட்க வேண்டும். என் மனைவிக்குச் சர்க்கரை நோய். துலக்கினால் ஈறில் ரத்தம் வருகிறது என்று ஒரு மாதமாக அந்தப் பக்கம் துலக்குவதையே நிறுத்திவிட்டாள்.

குடமுருட்டி:
ஐயோ, நிறுத்தவே கூடாது ஐயா! ஈறோரம் படிந்த அழுக்கால்தான் ரத்தம் வருகிறது. துலக்காமல் விட்டால் அது காரையாக இறுகும், ஈறு பல்லை விட்டு விலகும், பிறகு நல்ல பல்லே ஆடும். சர்க்கரை கூடினால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது. மென்மையான தூரிகையால், அழுத்தாமல், ஈறோரம் சாய்த்துத் துலக்கச் சொல்லுங்கள். முக்கியமாக இரவில், படுக்குமுன். தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடுவதால் பல்லுக்குக் காவல் இருக்காது. பேரனையும் பக்கத்தில் நிறுத்தி, உங்கள் கையாலேயே துலக்கிவிடுங்கள். இறுகிய காரை துலக்கினால் போகாது, எடுக்கத்தான் வேண்டும். அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்கு இந்த வாரமே அழைத்துப் போங்கள். சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டையும் கொண்டு போங்கள்.